வாசலில் பன்னிரண்டு ஜோடி

வீடுகளை அளக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். சொத்து வரி மறு அளவீட்டை ஒப்பந்தத்துக்கு எடுத்திருந்த ஒரு நிறுவனத்தில் நான் மூன்றரை வருடம் வேலை பார்த்தேன். அவ்வளவுதான். முப்பத்து மூன்று வயதில் ஓய்வு பெற்றவள் போல அறிவுரை சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகியும் யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் மூலைக்கு மூலை ஓடி நீளம் அகலம் பார்க்கிறது. கபாலீஸ்வரர் கோயில் பிரகாரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதுகூட மனசு ஓரமாக அளந்துகொண்டே வருகிறது.

கருவியை எப்படிப் பிடிப்பது, டேப்லெட்டில் எதை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. போன வாரம் உங்களில் ஒருவர் ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீட்டை அளக்க வந்தார். அவர் போன பிறகு எனக்கு மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அவர் மேல் குறை ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ன நடந்தது என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் அளந்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என்னோடு ஜோடியாக வேலை பார்த்தவள் என்னைவிட ஒரு வயது சின்னவள். தென்காசிப் பக்கத்துப் பெண். தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ஜாக்கெட் துணிப் பிரிவில் ஆறு வருடம் நின்றுவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். நிறுவனம் எங்களுக்கு லேசர் கருவி கொடுத்திருந்தது. சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி விழும், கருவி ஒரு சத்தம் போடும், அளவு வந்துவிடும். அவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை. கருவி மேல் சந்தேகம் இல்லை, அதைப் பார்க்கிறவர்களின் முகத்தில்தான் நம்பிக்கை தெரியவில்லை என்பாள். தன் பையில் எப்போதும் ஓர் இரும்பு நாடா வைத்திருப்பாள்.

"புள்ளி தெரியுது, சத்தம் கேக்குது, நம்பர் வருது. அவங்களுக்கு என்ன புரியும்? நாடாவோட மொத முனையை வீட்டுக்காரங்க கையில குடு பிள்ள. கடையில நான் பாத்திருக்கேன். துணியோட ஒரு நுனிய வாங்க வந்தவங்க பிடிச்சிருந்தாங்கன்னா சண்டையே வராது."

நான் அப்படியே பழகிக்கொண்டேன். பூஜ்யச் சுழி எழுதியிருக்கும் முனையை வீட்டுக்காரர் சுவரோடு சேர்த்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்வார். நான் நாடாவை இழுத்துக்கொண்டே எதிர்ச் சுவருக்குப் போவேன். நடுவில் நாடா லேசாகத் தொங்கும். அந்தக் கொஞ்ச நேரம் எல்லாரும் ஒரே மாதிரிதான் நிற்பார்கள், மருத்துவர் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னது போல. ஜன்னலிலிருந்து விழும் வெயிலில் தூசு மிதக்கும். உள்ளே எங்கேயோ குக்கர் விசில் வரும். யார் யாருடைய அறைகளோ ஒன்றுக்குள் ஒன்றாகத் திறந்துகொண்டே போவது போல எனக்கு இருக்கும். இன்றும் கனவில் அந்த அறைகள்தான் வருகின்றன.

அபிராமபுரத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டில் அப்படிச் சுழி முனையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பேச ஆரம்பித்தார். மென்பொருள் நிறுவனத்தில் மாதச் சம்பளக்காரர். சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே வரி போய்விடுகிறது, வந்ததைச் செலவு செய்தால் அதிலும் வரி, வண்டி வாங்கினால் சாலை வரி, அந்தச் சாலையை இரண்டு முறை தோண்டிப் போட்டிருக்கிறார்கள், தண்ணீருக்கு லாரி, பிள்ளைக்குத் தனியார் பள்ளி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கோபமாகக்கூட இல்லை. களைத்துப்போன குரல்.

"எல்லாத்தையும் ரெண்டு தடவை வாங்குறேன் மேடம். ஒரு தடவை வரியா, இன்னொரு தடவை காசா."

பிறகு ஜன்னல் வழியாகத் தெருவைக் காட்டினார். காலை பதினோரு மணி வெயிலில் ஒரு தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அது என்னோடதுங்க. என்னோட ஒரு வருஷ வரி பூரா அந்த லைட்லதான் எரியுது."

என் ஜோடிக்காரி, "சார், நுனிய விட்டுட்டீங்க" என்றாள். அவர் சிரித்துவிட்டு மறுபடி சுவரோரம் குனிந்து அழுத்திக்கொண்டார்.

அவர் சொன்னது எனக்குள் ஒட்டிக்கொண்டது. என் கணவருக்கும் அதே போலப் பிடித்தம்தான். என் ஒப்பந்தச் சம்பளத்திலும் பிடித்தார்கள். மகள் தியாவுக்கு அப்போது இரண்டு வயது முடியவில்லை. டயப்பர், பிஸ்கட், சோப்பு என்று எதை வாங்கினாலும் ரசீதின் கீழே இரண்டு வரிகள் இருக்கும். ஸ்கூட்டரில் போகும்போது ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவேன். மந்தைவெளியில் தெருவோரம் கிடக்கும் சிமெண்ட் வளையம் தியாவின் டயப்பர். சிக்னலில் குடை பிடித்து நிற்கும் காவலரின் தொப்பி என் கணவரின் மார்ச் மாதச் சம்பளம். எங்கள் பணம் எங்களுக்கு முன்னாலேயே எழுந்து ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருப்பது போல இருக்கும். அதில் பாதி எங்கே போகிறது என்று தெரியாது. அதையெல்லாம் எடுத்துக்கொடுக்கிற கைகளில் என் கையும் ஒன்று என்பது மட்டும் தெரியும்.

இனி சைதாப்பேட்டை வீடு.

ஆற்றை ஒட்டிய ஒரு சந்து. மதியம் இரண்டு மணி, கத்திரி வெயில். ஜோடிக்காரி அன்று விடுப்பு. நான் தனியாகப் போயிருந்தேன். நாலு மணிக்குள் தியாவைக் காப்பகத்திலிருந்து எடுக்க வேண்டும், அதற்குள் இன்னும் மூன்று வீடு பாக்கி. கதவு திறந்திருந்தது. வாசலில் குட்டிக் குட்டியாகச் செருப்புகள். சிவப்பு, நீலம், பட்டை அறுந்து ஊக்கு மாட்டியது, வலதும் இடதும் வேறு வேறு நிறத்தில் ஒன்று.

நான் கூப்பிட வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண் உள்ளேயிருந்து வந்து உதட்டில் விரலை வைத்தாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அவள் பெயர் செல்வி என்பது எனக்கு முன்னமே தெரியும், வீடு அவள் பெயரில்தான் இருந்தது. கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். நான் அடையாள அட்டையைக் காட்டினேன். தலையாட்டி உள்ளே வரச் சொன்னாள்.

உள்ளே சுவரிலிருந்து சுவர் வரை பழைய புடவைகள் விரித்திருந்தன. அதன் மேல் குழந்தைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. ஜன்னலில் பச்சை நிற வலை கட்டியிருந்தார்கள். அதன் வழியாக வந்த வெளிச்சத்தில் அந்த அறை முழுவதும் தண்ணீருக்கு அடியில் இருப்பது போலத் தெரிந்தது. மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. லேசர் சத்தம் போடும் என்பதால் அதை எடுக்கவில்லை. நாடாவை எடுத்துச் சுழி முனையைச் செல்வி அக்காவிடம் கொடுத்தேன். அவள் குழந்தைகளின் தலைமாட்டில் உட்கார்ந்து அதைச் சுவரில் அழுத்திக்கொண்டாள். நான் நாடாவை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கால்களுக்கு நடுவில் பாதம் வைத்துப் பாதம் வைத்து எதிர்ச் சுவருக்குப் போனேன். ஒரு பையன் கண்ணைத் திறந்து, தன் மேலாக மஞ்சள் நாடா போவதைப் பார்த்தான். கனவில் ஏதோ வருகிறது என்று நினைத்தானோ என்னவோ, மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு அறையையும் அளந்துவிட்டு வெளியே வந்தேன்.

சந்தின் நிழலில் நின்று டேப்லெட்டை நிரப்பினேன். பயன்பாடு என்ற இடத்தில் இரண்டே வட்டங்கள். குடியிருப்பு, வணிகம். நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். செருப்புகளை எண்ணினேன். பதினொன்று. இரண்டாவது வட்டத்தைத் தொட்டேன். சான்றுக்குப் படம் இணைக்க வேண்டும், செருப்புகளைப் படம் எடுத்தேன். குறிப்பில் 'குழந்தைகள் காப்பகம்' என்று எழுதினேன். நன்றாகக் கவனித்திருக்கிறோம் என்று ஒரு திருப்திகூட இருந்தது.

ஏன் கேட்கவில்லை என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். குழந்தைகள் தூங்கின என்பது உண்மை. நேரமில்லை என்பதும் உண்மை. ஆனால் அடியில் இருந்தது வேறு. தியா இருந்த காப்பகத்திலும் குழந்தைகள் இப்படித்தான் வரிசையாகத் தூங்குவார்கள், மாதம் பிறந்தால் எனக்கு வரியோடு சேர்த்து ஒரு ரசீது வரும். குழந்தைகள் வரிசையாகத் தூங்கும் இடம் என்றால் அதற்கு ரசீது உண்டு என்பதுதான் எனக்குத் தெரிந்த உலகம். அந்த உலகத்தை எடுத்துக்கொண்டு போய் அவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஆட்சேபம் கேட்கும் முகாம் நடந்தது. அளவெடுத்த எங்களையும் ஒரு மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். செல்வி அக்கா நோட்டீஸோடு வந்தாள். கூடவே இடுப்பில் குழந்தையோடு ஒரு சின்னப் பெண். அடையாற்றில் நான்கு வீடுகளில் சமையல் செய்கிறவள் என்று பிறகு தெரிந்தது. அவள் நிமிடத்துக்கு ஒரு தரம் கைபேசியில் மணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்வி அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீதானே அன்னிக்கு வந்தது? புள்ளைங்க தூங்குதுன்னு மெதுவா நடந்துகினு அளந்தியே. நான்கூட எங்க ஊட்டுக்காரராண்ட சொன்னேன், நல்ல பொண்ணு, சத்தமே வராம அளந்துட்டுப் போச்சுன்னு."

பிறகு நோட்டீஸை நீட்டினாள். "இதுல இன்னா போட்டுகீது, படிச்சுச் சொல்லு."

நான் படித்தேன். வரி பல மடங்கு ஏறியிருந்தது. வணிகம் என்றால் என்ன என்று கேட்டாள். கடை, அலுவலகம், சம்பாதிக்கிற இடம் என்று சொன்னேன்.

"என் ஊட்ல இன்னா கடை கீது?"

செருப்புகளைச் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். அந்தக் குழந்தைகளின் அம்மாக்கள் எல்லாரும் காலை ஏழு மணிக்கு வீட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள். சந்து முனையில் இருந்த அங்கன்வாடியைத் தரை போடுவதற்காகத் தோண்டினார்கள், பாதியில் வேலை நின்றது, அதை மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வாடகைக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அது திறப்பது பத்து மணிக்கு. ஏழுக்கும் பத்துக்கும் நடுவில் ஒரு குழந்தை என்ன செய்யும், பத்து மணிக்கு அதை ரோடு தாண்டி யார் கொண்டுபோய் விடுவார்கள்? ஒருத்தி செல்வி அக்கா வீட்டில் விட்டாள். பிறகு இன்னொருத்தி. அப்படிப் பதினொன்று ஆனது. இதெல்லாம் நான் கேட்காமலேயே அவள் சொன்னாள். நான் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பாள்.

"சரி வுடு. நாளையிலருந்து புள்ளைங்கள இட்டுகினு வராதீங்கன்னு சொல்லிட்டன்னா, ஊடு திரும்ப ஊடாயிடும், இல்ல?"

பக்கத்தில் நின்ற சின்னப் பெண் மணி பார்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் எனக்கு உறைத்தது. என் ஒரு வட்டத்தால் பதினோரு பேருடைய வேலை போகப் போகிறது.

எங்கள் மேற்பார்வையாளரிடம் போய் என் பதிவைத் திருத்த வேண்டும் என்றேன். அவர் மோசமான மனிதர் இல்லை. ஆட்சேபம் வந்தால் அதிகாரி நேரில் வந்து சரிபார்த்துக்கொள்வார், நாமாகத் திருத்தம் போட்டால் நம் அளவீட்டின் மேலேயே சந்தேகம் வரும் என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். தொழில் நடக்கிற எல்லா வீட்டிலும் இதே மாதிரி ஒரு கதை இருக்கும், ஒவ்வொரு கதைக்கும் ஒருவரை விட்டுவிட்டால் அந்தப் பாரமும் கதை சொல்லத் தெரியாத மாதச் சம்பளக்காரன் தலையில்தான் விழும். அபிராமபுரத்துக்காரரின் தெருவிளக்கு ஞாபகம் வந்தது. மேற்பார்வையாளர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. இன்றும் முடியவில்லை.

ஜோடிக்காரி வேறு வழி சொன்னாள். "சரிபார்க்க வர்ற அன்னிக்கு ஒரே ஒரு நாள் பிள்ளைகள அனுப்பிரச் சொல்லு. வாசல்ல செருப்பு இருக்காது. வீடு வீடாத்தான இருக்கு? எதுக்கு வம்பு?"

அதுதான் சுலபமான வழி. அதுதான் பாதுகாப்பான வழியும். ஆனால் ஒரு நாள் ஒளித்தால் ஒவ்வொரு முறையும் ஒளிக்க வேண்டிவரும், அவள் செய்வது ஒளிக்க வேண்டிய காரியம் ஆகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. செல்வி அக்காவிடம் போய், எதையும் மறைக்க வேண்டாம், குழந்தைகள் இருக்கட்டும், நான் வந்து பேசுகிறேன் என்றேன். சொல்லும்போதே பயம். போகப் போவது என் வீடு இல்லையே. என் நேர்மைக்கு அவள் வீட்டைப் பந்தயம் வைக்க எனக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

அவள் நோட்டீஸை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நீ சொல்றன்னு வுடறேன். வரி ஏறிடுச்சுன்னு வை, பதினோரு புள்ளைங்களையும் இட்டுகினு வந்து உன் ஊட்டாண்ட குந்திப்பேன். ஆமா."

சரிபார்க்கும் நாள் காலையில் தியாவின் காப்பகத்திலிருந்து செய்தி வந்தது. குழந்தைகளுக்குக் காய்ச்சல் பரவுகிறதாம், இரண்டு நாள் விடுமுறை. கணவர் அலுவலகம் கிளம்பியாயிற்று. வேறு வழியில்லாமல் தியாவையும் ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். போய்ச் சேர்ந்ததும் அவள் வாசலில் செருப்பை உதறிவிட்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்க் குழந்தைகளோடு உட்கார்ந்துகொண்டாள். என் குழந்தை புது இடத்தில் அழாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

அதிகாரி வந்தார். ஐம்பதை நெருங்குகிறவர். பேச்சு குறைவு. லேசர் கருவியால் அவரே அளந்தார். சிவப்புப் புள்ளி சுவரில் விழுந்ததும் குழந்தைகள் எல்லாம் எழுந்து அதைப் பிடிக்க ஓடின. புள்ளி மேலே போனது. பன்னிரண்டு கைகளும் மேலே போயின. அளவு எப்போதோ வந்துவிட்டது, ஆனாலும் அவர் கருவியை அணைக்காமல் அந்தப் புள்ளியைச் சுவர் வழியாக மெதுவாக, ரொம்ப மெதுவாக, ஜன்னல் வரை நடத்திக்கொண்டு போனார். பச்சை வலையைத் தொட்டதும் அது கரைந்தது. குழந்தைகள் வெளியே எட்டிப் பார்த்துத் தேடின. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கோப்பைத் திறந்தார்.

கட்டணம் எவ்வளவு என்று கேட்டார்.

செல்வி அக்கா ஒரு பெரிய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தாள். "தோ கீது சார் பீஸு." காலையில் விட்டுவிட்டுப் போகும்போது ஒவ்வொரு அம்மாவும் ஒரு பிடி அரிசி போடுவாள். சிலர் இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு கை பருப்பு. இல்லாத அன்று ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து மதியம் ஒரே சோறு.

அவர் டின்னுக்குள் கையை விட்டு அரிசியை அள்ளிப் பார்த்தார். "புழுங்கல், பச்சரிசி, ரேஷன் எல்லாம் கலந்து கிடக்கு. எப்படி வேகும்?"

"கொழைஞ்சிதான் சார் போவும். புள்ளைங்களுக்குப் பல்லு ஏது, அதான் நல்லது."

அவர் வாசலுக்குப் போனார். குனிந்து எண்ணினார். பிறகு என் பதிவைப் பார்த்தார்.

"பதினொண்ணுன்னு போட்டிருக்கீங்க. இங்க பன்னெண்டு இருக்கு. ஒரு மாசத்துல வியாபாரம் வளந்துடுச்சா?"

"பன்னெண்டாவது என் பொண்ணோடது சார்" என்றேன். காப்பகத்தின் விடுமுறையைச் சொன்னேன். கொண்டுவந்திருக்கக் கூடாது, தப்புதான் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"அப்ப நீங்களும் கஸ்டமரா? என்ன குடுத்தீங்க?"

ஒன்றும் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. பையைத் துழாவினேன். செல்வி அக்கா பின்னாலிருந்து சொன்னாள்: "இன்னும் ஒண்ணியும் குடுக்கல சார். நல்லா எழுதிக்கோங்க."

அவர் சிரித்தது அப்போதுதான். அங்கன்வாடியைப் பற்றி அவளே எடுத்துச் சொன்னாள். சந்து முனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பூட்டிய கதவு, பெயர்ந்து கிடந்த தரை, 'பணி நடைபெறுகிறது' என்ற பலகை. திரும்பி வந்து, "அது வேற துறைம்மா" என்றார். குரலில் அலட்சியம் இல்லை.

பிறகு குடியிருப்பு என்று திருத்தம் போடச் சொன்னார். திருத்தத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. நான் 'அளந்தவர் கேட்கவில்லை' என்று தட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"இப்படி எழுதினா உங்க கம்பெனியில உங்களத்தான் பிடிப்பாங்க. தகவல் பிழைன்னு போடுங்க, போதும். எல்லாரும் அதான் போடறது."

விரல் அழிக்கும் விசைக்குப் போய்விட்டது. அங்கேயே நின்றது. தகவல் பிழை என்றால், அவள் தவறாகச் சொல்லிவிட்டாள் என்று அர்த்தம் ஆகும். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவே இல்லை. அவள் செய்ததெல்லாம், தன் வீட்டைக் கடை ஆக்கப் போகிற நாடாவின் நுனியை, குழந்தைகள் விழித்துவிடாமல், கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டதுதான். நான் எழுதியதை அப்படியே விட்டேன்.

கிளம்பும்போது தியா வர மறுத்து அழுதாள். செல்வி அக்கா, "நாளிக்கும் லீவுதானே? இட்டுகினு வா. ஒரு பிடி அரிசி எடுத்துகினு வா" என்றாள். மறுநாள் இரண்டு பிடி கொண்டுபோனேன்.

ஒப்பந்தம் முடிந்தபோது ஜோடிக்காரிக்குப் புதுப்பித்தார்கள். எனக்கு வரவில்லை. திருத்தத்தில் நான் எழுதிய அந்த ஒரு வரிதான் காரணமா, தியாவுக்காக நான் எடுத்த விடுப்புகளா என்று தெரியாது. கேட்கவும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டதோ என்னவோ. என்னை அலைக்கழிப்பது அது இல்லை. மூன்றரை வருடத்தில் எத்தனை வீடுகளில் இரண்டாவது வட்டத்தைத் தொட்டிருப்பேன்? அவற்றில் எத்தனை பேர் முகாமுக்கு வராமல், வர நேரமில்லாமல், ஏறிய வரியைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்? வணிகம் என்று நான் போட்டதையெல்லாம் மறுபடி ஒரு முறை போய்ப் பார்க்கிறேன் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். அதற்கு ஆளும் இல்லை, நாளும் இல்லை என்றார். சில மதியங்களில் தியாவைத் தூங்க வைக்கும்போது அந்த வாசல்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. இஸ்திரி வண்டி, தையல் இயந்திரம், மாவு அரைக்கும் கல். யாரோ ஒருவர் சுவரோரம் குனிந்து சுழியை அழுத்திப் பிடித்திருக்கிறார். நாடா முடியாமல் போய்க்கொண்டே இருக்கிறது.

இனி, போன வாரம்.

இப்போது நான் வீட்டில் இருக்கிறேன். எங்கள் கட்டடத்துக்குக் கீழே இஸ்திரி போடும் பெண்ணின் இரண்டு குழந்தைகள் பகலில் என்னிடம்தான் இருக்கும். அதற்காக அவள் எங்கள் துணிகளுக்குக் காசு வாங்குவதில்லை. மாடி வீட்டுப் பெண் வங்கியில் வேலை பார்க்கிறாள், அவள் மகனும் வருவான். அவள் மாதம் ஒரு தொகை கொடுக்கிறாள். முதலில் வேண்டாம் என்றேன். பிறகு வாங்கிக்கொண்டேன்.

மதியம் அழைப்பு மணி அடித்தது. கதவுத் துளை வழியாகப் பார்த்தேன். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட். எங்கள் வீடு வாடகை வீடு. வணிகம் என்று பதிந்தால் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் போகும், வாடகை ஏறும். இதையெல்லாம் நின்று யோசித்தேன் என்று சொன்னால் பொய். கதவைத் திறப்பதற்கு முன் என் கை நீண்டு, வாசல்படிக்கு உள்பக்கம் கிடந்த மூன்று ஜோடிக் குட்டிச் செருப்புகளை எடுத்துவிட்டது. அலமாரிக்குள் போட்டு மூடினேன். தியாவின் ஜோடியை மட்டும் அங்கேயே விட்டேன்.

கதவைத் திறந்து, உதட்டில் விரலை வைத்தேன். உள்ளறையில் குழந்தைகள் உண்மையாகவே தூங்கிக்கொண்டிருந்தன. அவர் தலையாட்டினார், இருபத்திரண்டு வயது இருக்கும், நல்ல பெண். பையிலிருந்து இரும்பு நாடாவை எடுத்துச் சுழி முனையை என் கையில் கொடுத்தார். யார் கற்றுக்கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் சுவரோரம் குனிந்து அழுத்திக்கொண்டேன். உள்ளறையை வாசலில் நின்றபடியே பார்த்துக்கொண்டார். நான்கு தலைகள் தெரிந்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. சத்தமே வராமல் அளந்துவிட்டுப் போய்விட்டார்.

செல்வி அக்காவிடம், எதையும் மறைக்க வேண்டாம் என்று சொன்னவள் நான். அவளிடம் நான் கேட்ட தைரியம் எவ்வளவு என்று எனக்கு அந்த அலமாரிக் கதவை மூடியபோதுதான் தெரிந்தது.

அவர் எந்த வட்டத்தைத் தொட்டார் என்று எனக்குத் தெரியாது. உங்களில் யார் அவர் என்றும் தெரியாது. இதைப் படித்தால் மறுபடி ஒரு முறை வாருங்கள். குழந்தைகள் தூங்கினாலும் பரவாயில்லை, உள்ளே வந்து உட்காருங்கள், கேளுங்கள். யார் குழந்தைகள், யார் என்ன தருகிறார்கள், எல்லாவற்றையும் கேளுங்கள். மாடி வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கும். அப்போதும் காத்திருங்கள், சொல்லிவிடுவேன். இது எந்த வட்டம் என்று எனக்கே தெரியவில்லை.

அடையாளம் தேட வேண்டியதில்லை. நான்கு ஜோடியும் இப்போது வாசலில்தான் இருக்கின்றன.